கவனம்

பிள்ளையை வெளியே அனுப்பும் யாழ்ப்பாணத்துத் தாய், “கவனமாப் போட்டு வா” என்பாள். அங்கே கவனம் என்றால் பத்திரம். தமிழ்நாட்டு வகுப்பறையில் “கவனி!” என்றால் கரும்பலகையைப் பார், காது கொடு என்று பொருள்.

வடமொழியில் ‘கமனம்’ என்றால் செல்லுதல். கன்னடத்தில் ‘கமன’ என்பதே கவனத்தையும் குறிக்கும். தெலுங்கில் ‘கமனிஞ்சு’ என்றால் கவனி. மகரம் வகரமாகித் தமிழில் கவனம் ஆயிற்று. மனம் ஒன்றை நோக்கிச் செல்வதுதான் கவனம். ‘கவனம் செலுத்து’ என்னும்போது அந்தப் பழைய நடை இன்னும் கேட்கிறது. கவனத்தைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லான ‘சூயி’யிலோ, மனத்தை ஊற்றுவது என்ற பொருள் எழுத்திலேயே இருக்கிறது.

மனம் எங்கே செல்கிறது என்பதை உளவியலாளர்கள் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2001இல் மசுதாவும் நிஸ்பெட்டும் வெளியிட்ட ஆய்வில், கியோட்டோ மாணவர்களுக்கும் மிச்சிகன் மாணவர்களுக்கும் நீருக்கடியிலான காட்சிகளை ஓடவிட்டு, கண்டதைச் சொல்லச் சொன்னார்கள். அமெரிக்கர் பெரும்பாலும் முன்னால் நீந்திய பெரிய மீனில் தொடங்கினார்கள். ஜப்பானியர் பலர் நீரின் நிறம், பாசி, அடித்தரை என்று சூழலில் தொடங்கினார்கள். பின்புலத்தைப் பற்றி அவர்கள் சொன்னவை அமெரிக்கரைவிட 60 விழுக்காட்டுக்கும் மேல் அதிகம். பின்புலத்தை மாற்றிக் காட்டியபோது, முன்பு பார்த்த மீனையே அடையாளம் காண அவர்கள் தடுமாறினார்கள். அமெரிக்கருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இரு சாராரும் கவனித்தார்கள், சென்ற இடம்தான் வேறு. மீனை மட்டும் கேட்டு மதிப்பெண் போட்டால் பாசியைப் பார்த்தவர் தோற்றுப்போவார். ஒரு பிள்ளையைக் ‘கவனக்குறைவு’ என்று எழுதுமுன், அது எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று ஒருமுறை கேளுங்கள்.