தலைப்பு வைப்பது யார் வேலை?

அலுவலக அரட்டையைச் சொந்த சர்வரில் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் பெரும்பாலும் கடைசியில் வந்து நிற்பது இரண்டு பெயர்களில்: மேட்டர்மோஸ்ட், ஜூலிப். இரண்டுமே 2015இல் திறமூலமானவை. முன்னது ஒரு கேம் கம்பெனி தன் ஆட்கள் பேசிக்கொள்வதற்காகச் செய்துகொண்டது. பின்னதை டிராப்பாக்ஸ் 2014இல் வாங்கி, மறு ஆண்டே எல்லோருக்கும் திறந்துவிட்டது.

நிறுவும்போதே குணம் தெரிந்துவிடும். மேட்டர்மோஸ்ட் ஒற்றை நிரல். பக்கத்தில் ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இருந்தால் போதும், வேறு வேலை பார்க்கும் மெஷினிலும் ஓரமாக உட்கார்ந்துகொள்ளும். ஜூலிப் கூட்டுக்குடும்பம். போஸ்ட்கிரெஸ், ரெடிஸ், மெம்கேஷ்ட், ராபிட்எம்க்யூ என்று பரிவாரத்தோடு வந்து, குறைந்தது 2 ஜிபி ராமோடு மெஷின் முழுவதும் தனக்கே வேண்டும் என்னும். ஆனால் அந்தக் குடும்பத்தை அதன் இன்ஸ்டாலரே கட்டி மேய்த்துக்கொள்கிறது. பேக்கப்புக்கும் ஒரே கட்டளைதான். மேட்டர்மோஸ்டில் டேட்டாபேஸ், கோப்புகள், கான்ஃபிக் மூன்றையும் நாமே எடுத்து வைக்க வேண்டும். ஒன்றை மறந்தது, திரும்ப ஏற்றும் நாளில்தான் தெரியவரும்.

உண்மையான வித்தியாசம் பேச்சில் இருக்கிறது. காலை பத்து மணி, 'பொது' சேனல். ஒருவர் லாகின் பழுதைக் கேட்கிறார், இன்னொருவர் ஜிஎஸ்டி பில்லை, நடுவே மதியச் சாப்பாட்டுக்கு யார் யார் என்று மூன்றாமவர். மேட்டர்மோஸ்டில் மூன்றும் ஒரே வரிசையில் ஓடும். பதிலை அந்தந்தச் செய்தியின் கீழ் இழையாகப் போடலாம்தான். அவசரத்தில் யார் போடுகிறார்கள்? ஜூலிப்பில் சேனலுக்குள் தலைப்புகள். 'லாகின் பழுது' தீர்ந்தது என்று குறித்ததும் அந்தத் தலைப்புக்கு முன்னால் ஒரு டிக் விழும். இடம் மாறி எழுதியதை இன்னொருவர் சரியான தலைப்புக்கு நகர்த்தலாம். மதியம் வருகிறவர் வேண்டியதை மட்டும் படித்துவிட்டு வேலைக்குப் போவார். சிரமம் எழுதுபவருக்கு: "ஒரு ஓகே சொல்றதுக்கும் தலைப்பா சார்?" என்ற முணுமுணுப்பு சில வாரம் கேட்கும். மேட்டர்மோஸ்ட் இந்தச் சுமையைப் படிப்பவர் தலையில் ஏற்றுகிறது.

ஷிப்ட் மாறி, ஊர் மாறி வேலை செய்பவர்களுக்கு நான் ஜூலிப்பைத்தான் சொல்வேன். ஒரே அறையில் எட்டுப் பேர் என்றால் மேட்டர்மோஸ்ட் போதும். பாதிப் பேச்சு டீக்கடையிலேயே முடிந்துவிடும்.

உள்ளே நுழைவதிலும் ஒரு வித்தியாசம்: அலுவலகத்தின் பொதுக் கணக்கிலேயே நுழைய விடும் எல்டாப் லாகின் ஜூலிப்பில் இலவசம், மேட்டர்மோஸ்டின் திறமூலப் பதிப்பில் கிடையாது.

போனில் மணி அடிக்கும் விஷயத்தில் இரண்டுமே முழுச் சொந்தம் இல்லை. அறிவிப்பு ஆப்பிள், கூகுள் வழியாகத்தான் போக வேண்டும். அதற்கான சாவி செயலியை வெளியிட்ட கம்பெனியிடம் இருக்கிறது. மேட்டர்மோஸ்ட் இலவசமாகத் தருவது சோதனைக்கான சேவை, எப்போதும் ஓடும் என்ற உத்தரவாதம் கிடையாது. ஜூலிப் அலுவலகங்களுக்குப் பத்துப் பேர் வரை இலவசமாக அனுப்புகிறது. பதினோராவது ஆளைச் சேர்க்கும் முன் அதன் கட்டணப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.