காட்டிறைச்சியும் சமூக வரலாறும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசம் பற்றிய சில குறிப்புகள்

மட்டக்களப்பைப் பற்றி எழுதுவோர் ‘மீன் பாடும் தேன் நாடு’ என்னும் தொடரோடு தொடங்குவது மரபாகிவிட்டது. அத்தொடரில் வாவியின் மீன் உண்டு. காட்டின் தேன் உண்டு. காட்டின் இறைச்சி இல்லை. இவ்விடுபாடு தற்செயலானதன்று என்பது எமது கருத்து. வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் வடக்கே வாகரைப் பகுதியிலும் வாழ்ந்த உழைக்கும் மக்களின் உணவில் மரை, மான், காட்டுப்பன்றி, உடும்பு ஆகியன நெடுங்காலம் இடம்பெற்றிருந்தன. வலிய நாரும் கடுமணமும் கொண்ட அவ்விறைச்சியை உண்ணத்தக்கதாக்கிய அறிவு ஏட்டிலேறவில்லை. அதனைப் பேணிய மக்களும் ஏட்டின் ஓரத்திலேயே நிறுத்தப்பட்டனர்.

பழந்தமிழ்ப் புலவர்கள் இவ்விடயத்தில் நம்மைவிடக் கூச்சமற்றவர்கள். சிறுபாணாற்றுப்படையில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறு, ஆமானின் சூட்டிறைச்சியோடு பாணருக்குக் கிடைக்கின்றது. பெரும்பாணாற்றுப்படை இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. நிலத்தைக் கிளறிப் புல்லரிசி சேர்த்தல், நில உரலிற் குற்றுதல், உவர்நீர் முகந்துவந்து உலையேற்றல், வாடூனாகிய உலர்ந்த இறைச்சியோடு பரிமாறல் என, ஒரு வேளை உணவின் பின்னால் நின்ற பெண்களின் உழைப்பு முழுவதையும் அது வரிசைப்படுத்துகின்றது. உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேற்றிய ஆண்டு 1889. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, 1879இல், ஆறுமுக நாவலர் மறைந்திருந்தார். அவரது சைவ மறுமலர்ச்சி இயக்கம் புலால் மறுத்தலை ஒழுக்கத்தின் அடையாளமாக நிலைநிறுத்தியிருந்தது. எனவே, வாடூன் அச்சில் மீண்டு வந்தபோது, கற்றோர் அதனைப் பழம்பொருளாகப் போற்ற முடிந்ததேயன்றித் தமது காலத்தில் அதையே உண்டுகொண்டிருந்தோரோடு தொடர்புபடுத்திப் பார்க்க இயலவில்லை.

பாட்டில் வரும் எயினரின் நேர்வழியினராக ஈழத்து வேடரை நாம் காட்ட முற்படவில்லை; அத்தகைய குலவழித் தேட்டம் வரலாறாகாது. ஒத்த உற்பத்தி நிலைமைகள் ஒத்த சமையல் முறைகளைத் தோற்றுவிக்கும் என்பதே ஈண்டு மனங்கொளத்தக்கது. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில், வேடர் இறைச்சியைத் தேனிலிட்டு மரப்பொந்தில் அடைத்துக் களிமண்ணால் மூடிப் பஞ்சகாலத்துக்கென வைத்திருந்ததைக் குறிப்பிடுகின்றார். இதனை விநோதச் செய்தியாகவே பலர் மேற்கோள் காட்டுவர். உண்மையில், தேன் இறைச்சியின் ஈரத்தை உறிஞ்சி நுண்ணுயிர் பெருகுவதைத் தடுக்கின்றது. உப்புக் கடலோரத்திலிருந்து வரவேண்டிய உட்காட்டில் உப்பின் வேலையைத் தேன் செய்தது. 1911இல் வெளிவந்த செலிக்மன் இணையரின் ‘வேடர்’ பற்றிய ஆங்கில நூல் கிழக்குக் கரையோர வேடரையும் விவரிக்கின்றது. தமிழ் பேசி, மீன்பிடியும் பயிர்ச்செய்கையும் மேற்கொண்ட அவர்களைத் ‘தூய’ வேடராகக் கொள்வதில் அக்கால மானிடவியலுக்கிருந்த தயக்கம் தனியே ஆராயப்படவேண்டியது.

இனி, சமையலுக்கு வருவோம். நாள்தோறும் ஓடித்திரியும் விலங்கின் தசையில் இணைப்பிழையம் மிகுதி. அதிலுள்ள கொலாஜன் ஏறத்தாழ 70 பாகை செல்சியசுக்கு மேல் ஈரவெப்பத்தில் நெடுநேரம் இருந்தாலன்றி இளகி ஜெலற்றினாக மாறாது. அவசர நெருப்பு நாரை இறுக்கி நீரைப் பிழிந்துவிடும். ஆகவே தடித்த மண்சட்டி, சிறுதீ, மூடி, போதிய நீர் ஆகியனவே முதற்றேவை. புளியும் கொறுக்காப்புளியும் சுவைக்காக மட்டும் சேர்க்கப்படுவனவல்ல. புளிப்பு நாரை நெகிழ்த்தவும் உதவும். பச்சைப் பப்பாசித் துண்டைச் சேர்க்கும் வழக்கம், அமெரிக்காவிலிருந்து அப்பயிர் வந்தபின் சேர்ந்தது. அதன் பாலிலுள்ள நொதியம் புரதத்தை உடைக்கின்றது. கடுமணம் பெரிதும் கொழுப்பில் உறைகின்றது. முதிர்ந்த ஆண்பன்றியில் இது மிகத் தெளிவு. கொழுப்பைக் களைதல், மஞ்சளும் உப்புமிட்டு ஒரு கொதி கண்டபின் அந்நீரை வடித்தல், மிளகு, மல்லி, சீரகம், உள்ளி அரைத்த சரக்கைச் சேர்த்தல் என்பன அதற்குரிய மாற்றுகள். மிளகாய் வருவதற்கு முன்னர் காரமெல்லாம் மிளகினதே. பன்றியிறைச்சியில் ஒட்டுண்ணிப் புழுக்கள் இருக்கக்கூடுமாதலால் சிவப்பு நிறம் சிறிதும் எஞ்சாது வேகவேண்டும். நெடுநேர வேக்காடு இவ்வகையிற் பாதுகாப்புமாகும்.

உடனலம் பற்றிய பேச்சில் ‘கொழுப்பற்ற இறைச்சி’ இன்று மதிப்புப் பெற்ற சொல். மானிறைச்சியின் கொழுப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கே. புரதமோ இருபதுக்கு மேல். ஆயினும் உணவுச் சமநிலையை உண்டாக்கியது அப்பண்பு மட்டுமன்று. வேட்டை நாள்தோறும் வாய்ப்பதன்று. கிடைத்தது பலருக்குப் பங்காகும். சேனையின் குரக்கனும் சோளனும் பயறும் இலைக்கறியும் வயிற்றை நிரப்ப, இறைச்சி அவற்றுக்குத் துணையாயிற்று. இதனைப் பொற்காலமாக்குவதும் தவறு. உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய்க்குக் காரணமாவதென்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் வகைப்படுத்தியுள்ளது. பஞ்சத்துக்கு அஞ்சிப் பரணிற் சேமித்தவருக்கு வேறு வழி இருக்கவில்லை; குளிர்சாதனப் பெட்டியுடைய நமக்கு அவ்வாறன்று.

இவ்வுணவுமுறை தானாக மறையவில்லை. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் வேட்டையைச் சட்ட வரம்புக்குள் கொணர்ந்தது. துப்பாக்கியும் ஓய்வுநேரமும் உடைய குடியேற்றத் துரைமாரின் வேட்டைக் களியாட்டத்தால் நேர்ந்த அழிவின் சுமை, உணவுக்காக வேட்டையாடியவன் மீதும் ஏற்றப்பட்டது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம், அன்று மட்டக்களப்பு மாவட்டத்துக்குட்பட்டிருந்த பட்டிப்பளை ஆற்றின் மேற்பகுதியில் வேடர் வாழ்ந்த காடுகளைச் சேனநாயக்க சமுத்திரத்தில் அமிழ்த்தியது. 1954இல் அதனைச் சூழ்ந்த காடு தேசிய பூங்காவாயிற்று. 1983இல் மாதுறு ஓயாப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது தம்பானைப் பகுதி வேடர் பலர் ஹெனானிகலைக்கு இடம்பெயர்க்கப்பட்டனர். நெல்வயலும் வீடும் தரப்பட்டன. ஆனால் முந்தைய தலைமுறையின் அன்றாடத் தொழில் அடுத்த தலைமுறைக்குத் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. விலங்குகளைக் காப்பது தேவையே. மரையும் மானும் அருகிவிட்ட இக்காலத்தில் வேட்டைக்குத் திரும்புமாறு எவரும் கூறார். காப்பின் செலவை எந்த வர்க்கம் செலுத்தியது என்பதே நாம் எழுப்பும் வினா.

1977இன் திறந்த பொருளாதாரத்தின்பின் பெருகிய புறொயிலர் கோழி ஆறு வாரத்தில் அறுவைக்கு வருகின்றது. ஓடாத தசை அரைமணியில் வெந்துவிடும். ஆடைத் தொழிற்சாலையிலிருந்து மாலையில் வீடு திரும்பும் பெண்ணுக்கு அந்த அரைமணியே பெரிது. அவளைப் பார்த்து மண்சட்டியின் பெருமையைப் பேசுவது பொருந்தாது. முட்டையிட்டு ஓய்ந்த ஊர்க்கோழி, கிழட்டுக் கடா, உழுது தேய்ந்த மாடு என, சட்டம் அனுமதிக்கும் வலிய இறைச்சிகள் எழுவான்கரைச் சந்தைகளில் இன்றும் உண்டு. புளியில் ஊறவைத்து, கொழுப்பகற்றி, பிறஷர் குக்கரில் வேகவைத்தால் இரண்டு மணிநேரம் ஏறத்தாழ முக்கால் மணியாகச் சுருங்கும். உப்பைக் குறைத்து, முருங்கையிலையோ கத்தரிக்காயோ பாதிக்குப் பாதி சேர்த்தால், சிறிதளவு இறைச்சி ஒரு குடும்பத்துக்குப் போதும். மசாலைப் பைகளும் தொத்திறைச்சியும் விற்கும் கடைகளில் இம்முறையைச் சொல்லித்தருவாரில்லை. படுவான்கரையிலும் வாகரையிலும் அதனை அறிந்த முதியோர் இன்னும் உளர். வேட்டைப் பங்கு, பதப்படுத்தல், வேக்காட்டுப் பதம் ஆகியவற்றுக்கு அவர்கள் வழங்கும் சொற்களுட் பல எமது அகராதிகளில் இல்லை. கள ஆய்வுக்குச் செல்லும் மாணவர் பாட்டும் கூத்தும் சேகரிக்கும் அதே குறிப்பேட்டில் அவற்றையும் எழுதிக்கொள்ளலாம்.