ஆறு ஷில்லிங்கும் அரைப்பேரும்: லீக் வீரர் யூனியன் களத்தில் நிலைப்பாரா?

சீகிரியாக் குன்றடியில் ஒருவர் ‘றக்பி’ என்று சொன்னால், கேட்பவரின் ஊரைப் பொறுத்து அதன் பொருள் மாறும். தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்குப் போய்வந்து வளர்ந்தவருக்கு அது நித்தவெல மைதானம். கண்டி விளையாட்டுக் கழகம். திரித்துவக் கல்லூரியும் றோயல் கல்லூரியும் 1945 முதல் மோதிவரும் பிரட்பி கேடயம். குன்றேற வந்த பயணி இங்கிலாந்தின் விகன் நகரத்தவராகவோ சிட்னியின் மேற்குப் புறநகரத்தவராகவோ இருந்தால், அவர் மனத்தில் எழுவது வேறோர் ஆட்டம்: பதின்மூன்று பேர், ஆறு டக்கிள், லைன்-அவுட் கிடையாது. நம் நாளிதழ்கள் இந்தக் குழப்பத்தை இன்னும் கூட்டுகின்றன. விளையாட்டுப் பக்கத்தில் ‘றக்பி லீக்’ என்று வருவது பெரும்பாலும் கழகங்களுக்கிடையிலான சுற்றுப்போட்டியையே குறிக்கும். லீக் எனும் ஆட்ட வகையை அல்ல. நாம் ஆடுவது யூனியன் வகை. மற்றதன் பெயரைக்கூட நாம் வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டோம்.

லீக் வீரர்கள் யூனியனில் வெல்வார்களா என்ற கேள்வி இலங்கைக்கு அந்நியமானதாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். அத்தோற்றம் தவறானது என்பதே இக்கட்டுரையின் வாதம். லீக் வீரர் யூனியனில் வெல்ல முடியும். அவர் களத்தின் எந்த இடத்தில் நிறுத்தப்படுகிறார், எத்தனை ஆண்டு தரப்படுகிறது என்பவையே முடிவைத் தீர்மானிக்கின்றன. அதற்கும் மேலாக, இரு ஆட்டங்களுக்கும் இடையில் எழுந்த சுவர் உடல்திறனால் எழுந்ததன்று, கூலியால் எழுந்தது. கூலியைப் பற்றிய அந்த வழக்கு நம் மலையகத்திலும் இருந்தது. கேட்பதற்குத்தான் ஆளில்லை.

வழக்கின் தொடக்கத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தின் வடபகுதியில் றக்பி ஆடியவர்களில் பலர் சுரங்கத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். அந்த இழப்பை ஈடுசெய்ய அனுமதிக்கவேண்டும் என்று யோர்க்ஷயர் தரப்பினர் 1893 இல் யூனியன் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தனர். 136 வாக்குகள் ஆதரவாகவும் 282 எதிராகவும் விழுந்தன. இரண்டாண்டு கழித்து, 1895 ஓகஸ்ட் 29 அன்று, ஹடர்ஸ்பீல்ட் நகரின் ஜோர்ஜ் ஹோட்டலில் கூடிய வடபகுதிக் கழகங்கள் பிரிந்துசென்றன. அவை வீரருக்குக் கொடுக்க முன்வந்தது நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங். சம்பளமன்று, இழந்த வேலைநாளுக்கான ஈடு மட்டுமே.

பின்னர் வந்த விதிமாற்றங்கள் எல்லாம் இந்த ஆறு ஷில்லிங்கின் பிள்ளைகள். வீரருக்குக் கொடுக்கவேண்டுமானால் வாசலில் நுழைவுச்சீட்டு விற்கவேண்டும்; சீட்டு விற்கவேண்டுமானால் ஆட்டம் ஓடவேண்டும். 1897 இல் லைன்-அவுட் நீக்கப்பட்டது. 1906 இல் வீரர் தொகை பதின்மூன்றாகக் குறைந்தது. வீழ்த்தப்பட்டவர் எழுந்து பந்தைக் காலால் பின்னே உருட்டி ஆட்டத்தைத் தொடரும் முறையும் வந்தது. யூனியனில் வீரர் விழுந்த இடத்தில் பந்துக்கான போர், அதாவது ரக், தொடங்குகிறது. லீக்கில் அங்கே போர் முடிகிறது. இந்த ஒரு வேறுபாடு நூறு ஆண்டுகளில் இரு வேறு உடல்களையும் இரு வேறு அறிவுகளையும் வளர்த்தது.

இலங்கையில் 1879 இல் கொழும்புக் கால்பந்துக் கழகத்துடன் தொடங்கிய றக்பி, மலைநாட்டுக்குத் தோட்டத்துரைமாரோடு ஏறியது. டிக்கோயாப் பகுதியின் தரவளை மைதானமும் திம்புலைப் பகுதியின் றதல்ல மைதானமும் அவர்களுடைய கழகங்களுக்கானவை. சுற்றிலும் தேயிலை, தேயிலைக்கு நடுவே தொழிலாளர் லயங்கள். அந்த லயத்தில் வாழ்ந்தவருக்கு ஒரு நாளின் கணக்கு ‘பேர்’ என்ற சொல்லில் அடங்கியது. முழுநாள் உழைத்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். பேர் இழந்து பந்துக்குப் பின்னால் ஓட எவரால் முடியும்? ஹடர்ஸ்பீல்டில் கிளர்ச்சியாக வெடித்த கேள்வி இங்கே எழாமலே போனதற்குக் காரணம், அதை எழுப்பவேண்டியவர் களத்துக்குள் அழைக்கப்படவே இல்லை என்பதுதான். லீக் இலங்கையில் வேர்விடாததை வெறும் தற்செயல் என்று நான் கருதவில்லை. ஊதியமின்றி ஆடுவதே பெருமை எனும் கொள்கை, ஊதியம் தேவைப்படாதவர்கள் கையில் ஆட்டம் இருக்கும்வரைதான் செல்லுபடியாகும்.

ஆயினும் நம் சர்வதேச றக்பி வரலாறு லீக்கின் வாசலில்தான் தொடங்குகிறது. இலங்கை அணியின் முதல் சர்வதேச ஆட்டமெனப் பதிவாகியிருப்பது 1907 செப்டெம்பரில் கொழும்பில் நடந்தது. எதிரணி, அல்பர்ட் பாஸ்கர்வில் திரட்டிய நியூசிலாந்துத் தொழில்முறை அணி. ஓல் பிளாக்ஸ் பெயரைத் திருப்பி ‘ஓல் கோல்ட்ஸ்’ என்று அவர்கள் எள்ளப்பட்டனர். தாய்நாட்டு யூனியன் அவர்களைத் தள்ளிவைத்தது. அவர்கள் இங்கிலாந்துக்கு லீக் ஆடப் போய்க்கொண்டிருந்தனர். ஆனால் கொழும்பில் ஆடியது யூனியன் விதிப்படி. 33–6 என்று வென்றனர். புதிய விதிகளைக் களத்தில் பழகியது இங்கிலாந்தில் இறங்கிய பிறகுதான். அப்படியிருந்தும் அந்தச் சுற்றுப்பயணத்தில் டெஸ்ட் தொடரை 2–1 என்று கைப்பற்றினர். இலங்கை றக்பி ஒன்றியம் தோன்றியது அதற்கு அடுத்த ஆண்டு, 1908 இல். ஒரு துறையிலிருந்து மறு துறைக்குக் கடக்கும் வீரர்களை இடைவழியில் நேருக்கு நேர் சந்தித்த நாடு நாம். 1907 இல் அந்தக் கடப்பு எளிதாக இருந்தது. இரு ஆட்டங்களும் இன்னும் அதிகம் விலகியிருக்கவில்லை.

அதன்பின் கதவு மூடியது. லீக்கில் காசு வாங்கியவர் யூனியனுக்குத் திரும்ப முடியாது என்ற தடை, 1995 ஓகஸ்டில் யூனியன் தொழில்முறையை ஏற்கும்வரை நீடித்தது. பிளவு நிகழ்ந்து சரியாக நூறு ஆண்டு. எனவே நம் கேள்வியை முறையாகச் சோதிக்க 1996 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. அவ்வாண்டு மே மாதம் லீக்கின் விகன் கழகமும் யூனியனின் பாத் கழகமும் இருமுறை மோதின. மான்செஸ்டரில் லீக் விதிப்படி விகன் 82–6. ட்விக்கன்ஹாமில் யூனியன் விதிப்படி பாத் 44–19. அவரவர் வீட்டில் அவரவர் ராஜா என்று பலர் இதை முடித்துவிடுகின்றனர். எனக்கு இது போதாது. முதலாவதாக, இரு தோல்விகளின் அளவு ஒன்றல்ல: அந்நிய விதிக்குள் விகன் எடுத்த 19 புள்ளிகள், பாத் எடுத்த 6ஐவிட மூன்று மடங்குக்கும் மேல். இரண்டாவதாக, இவ்விரு ஆட்டங்களுக்கும் இடைப்பட்ட நாள்களில் விகன் மிடில்செக்ஸ் எழுவர் சுற்றுப்போட்டிக்குச் சென்று கிண்ணத்தையும் வென்றது. எழுவர் ஆட்டமும் யூனியன்தான். ஆனால் அங்கே ஸ்க்ரம் மூவருக்கு மூவர்; ரக்கில் குவிய ஆளே இல்லை. மே மாதத்தின் அந்த மூன்று வாரங்கள் ஒரு ஆய்வுகூடம் போல எனக்குத் தோன்றுகின்றன. விகனின் ஓட்டமும் பந்து கடத்தலும் டக்கிளும் யூனியனுக்குப் போதுமானவையாகவே இருந்தன. ஸ்க்ரமும் லைன்-அவுட்டும் ரக்கும் சேரும்போதுதான் அவர்கள் திணறினார்கள்.

இதை உறுதிப்படுத்தும் சான்று 2003 நவம்பர் 22 அன்று சிட்னியில் கிடைத்தது. உலகக்கிண்ண இறுதியாட்டத்தில் இங்கிலாந்து அவுஸ்திரேலியாவை 20–17 என்று வென்றது. ஜொனி வில்கின்சன் கடைசி நேரத்தில் அடித்த உதையை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது ட்ரைகளை. அந்த ஆட்டத்தில் இரண்டே ட்ரைகள்: ஒன்று லோட் துக்கீரி வைத்தது, மற்றது ஜேசன் ரொபின்சன் வைத்தது. இருவரும் லீக்கில் வளர்ந்தவர்கள். அவுஸ்திரேலியாவின் பின்கள மூவரான துக்கீரி, வெண்டல் செய்லர், மற் றொஜர்ஸ் ஆகியோர் மூவருமே லீக்கிலிருந்து வந்தவர்கள். அதே வேளை, இரு அணிகளிலும் ஆட்டத்தைத் தொடங்கிய பதினாறு முன்களத்தவரில் லீக்கிலிருந்து வந்தவர் ஒருவர்கூட இல்லை. விங், ஃபுல்-பேக் ஆகிய இடங்களில் கேட்கப்படுவது உயரப் பந்தைப் பிடிப்பது, ஒருவருக்கு ஒருவராக நேர்கொள்வது, இடைவெளி கண்டு பாய்வது. ரொபின்சன் விகனில் செய்ததும் இங்கிலாந்துக்குச் செய்ததும் ஏறத்தாழ ஒரே வேலைதான். கோடுகள் மட்டும் மாறின.

நடுக்களம் அப்படியன்று. சாம் பேர்ஜஸின் கதை இதற்கு வேதனையான சாட்சி. சவுத் சிட்னி அணிக்கு 2014 இல் கிண்ணம் வென்றுகொடுத்த கையோடு பாத் கழகத்துக்கு வந்தார். கழகம் அவரைப் பெரும்பாலும் ஃபிளேங்கராகப் பயன்படுத்தியது. நாட்டு அணியோ சென்டராக நிறுத்தியது. ஓராண்டு நிறைவதற்குள் உலகக்கிண்ணம். 2015 செப்டெம்பர் 26 அன்று வேல்ஸிடம் 25–28 என்று இங்கிலாந்து தோற்றது, முதற்சுற்றோடு வெளியேறியது, பழி பேர்ஜஸின் தலையில் விழுந்தது. சில வாரங்களில் அவர் லீக்குக்கே திரும்பிவிட்டார். அவரிடம் வலிமை குறைந்திருந்தது என்று எவரும் சொல்ல முடியாது. இரண்டு இடங்களை ஒரே ஆண்டில் கற்கச் சொன்னது கற்பித்தவர்களின் பிழை. சொனி பில் வில்லியம்ஸ் 2008 இல் துலோனுக்குப் போய் இரண்டாண்டு யூனியன் பழகிய பிறகே, 2010 இல், ஓல் பிளாக்ஸ் சட்டை அணிந்தார்; 2011, 2015 என இரு உலகக்கிண்ணங்கள் வென்றார்.

முன்களத்துக்கு யாருமே கடக்க முடியாது என்று நான் சொன்னால், பிராட் தோர்ன் என்ற ஒரு மனிதர் எதிரே வந்து நிற்பார். பிரிஸ்பேனில் லீக் கிண்ணங்கள் வென்றவர், 2001 இல் நியூசிலாந்தின் கன்டர்பரிக்கு வந்து லொக் இடத்தில் ஆடத் தொடங்கினார். அவ்வாண்டே ஓல் பிளாக்ஸ் தேர்வு தேடிவந்தபோது, யூனியனில் நீடிப்பது பற்றித் தமக்கு இன்னும் உறுதியில்லை என்று மறுத்துவிட்டார். இந்த மறுப்பு எனக்கு மிக மதிப்புடையதாகப் படுகிறது. தம் மனம் இன்னும் உறுதிப்படவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. 2003 இல் அறிமுகம். நடுவில் மீண்டும் லீக். திரும்பிவந்து 2011 இல், முப்பத்தாறு வயதில், உலகக்கிண்ணம். ஸ்க்ரமும் லைன்-அவுட்டும் கற்கத்தக்கவையே, ஆனால் கற்பவர் தம் பெயரையும் புகழையும் சில காலம் ஒதுக்கிவைக்கவேண்டும் என்பதற்கு அவர் சான்று.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். கடந்தவர்கள் எல்லோரும் லீக்கின் மிகச் சிறந்தவர்கள். பெரும் தொகைக்கு வாங்கப்பட்டவர்கள். அவர்களை வைத்துச் சராசரி வீரரைப் பற்றி முடிவுகட்டலாமா? நியாயமான மறுப்பு. மேலும், பலருக்கு இளமையில் யூனியன் பழக்கம் இருந்தது. 2024 நவம்பரில் ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்தை 42–37 என்று வென்ற ஆட்டத்தில் அவுஸ்திரேலியாவுக்காக அறிமுகமாகிப் பாராட்டுப்பெற்ற ஜோசப் சுவாலியி, பள்ளியில் யூனியன் ஆடியவர். ஆகவே வீரர்களை மட்டும் வைத்து என் வாதம் நிற்கவில்லை. அதன் உறுதியான கால், கடந்துவந்த அறிவில் இருக்கிறது.

2003 இல் வென்ற இங்கிலாந்துக்குத் தற்காப்பைக் கற்பித்தவர் ஃபில் லார்டர், லீக்கிலிருந்து வந்தவர். விகனின் ஷோன் எட்வர்ட்ஸ், வேல்ஸின் தற்காப்புப் பயிற்சியாளராக 2008, 2012, 2019 ஆண்டுகளிலும், பிரான்சின் பயிற்சிக்குழுவில் 2022 இலும் கிராண்ட் ஸ்லாம் கண்டார். மிக வியப்பானவர் அன்டி ஃபரல். விகனின் பெரும் தலைவர், 2005 இல் சரசென்ஸுக்கு வந்தார், காயங்கள் துரத்தின, இங்கிலாந்துக்கு எட்டே டெஸ்டுகள். வீரராக அவரது கடப்பு தோல்வியென்றே எழுதப்பட்டது. அதே மனிதர் அயர்லாந்தின் தலைமைப் பயிற்சியாளராக 2022 இல் நியூசிலாந்து மண்ணில் தொடரை வென்றார். 2023 இல் கிராண்ட் ஸ்லாம். 2025 இல் பிரிட்டிஷ் அன்ட் ஐரிஷ் லயன்ஸுடன் அவுஸ்திரேலியாவில் தொடர் வெற்றி. அவர் கால்கள் கற்க நேரம் கிடைக்காததை அவர் தலை கற்றுக்கொண்டது. லீக்கில் பந்து ஆறு டக்கிள் எதிரணியிடமே இருக்கும். ஒவ்வொரு டக்கிளுக்குப் பின்னும் பத்து மீற்றர் பின்வாங்கி, ஒரே வரிசையாகத் திரும்ப முன்னேறவேண்டும். தற்காப்பு அங்கே தனிக் கலையாக வளர்ந்ததற்கு அதுவே காரணம். யூனியன் அதைக் கற்றுக்கொண்டது லீக்கிடம்தான்.

இலங்கைக்கு லீக்கிலிருந்து ஆள்களை வரவழைக்கும் பணமில்லை. அறிவை வரவழைக்கலாம். 1976 இல் ஹொங்கொங் எழுவர் போட்டி தொடங்கியபோதே அங்கிருந்த நாடு நாம். நம் இளைஞரின் உடல்வாகு எடையைவிட வேகத்துக்கு இசைந்தது. விகன் வென்றதும் அந்த வடிவத்தில்தான். மாத்தளை மாவட்டத்தின் வடக்கே, சீகிரியாவைச் சூழ்ந்த ஊர்ப் பாடசாலை ஒன்று றக்பி தொடங்க விரும்பினால், ஸ்க்ரம் இயந்திரமும் அதைப் பாதுகாப்பாகக் கற்பிக்கும் ஆளும் கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. லீக் வழியில் ஓட்டம், பந்து கடத்தல், டக்கிள், வரிசைத் தற்காப்பு ஆகியவற்றைப் பதினான்கு வயதுவரை கற்பித்து, எழுவர் போட்டிகளில் ஆடவிட்டு, பிறகு ஸ்க்ரமுக்குக் கொண்டுபோகலாம். கழுத்து உறுதிப்படாத பிள்ளைகளுக்கு இது பாதுகாப்பும்கூட.

கூலியின் கேள்வி இன்னும் மிஞ்சியிருக்கிறது. படைக் கழகங்கள் அதற்கு ஒரு பாதி விடை கண்டிருக்கின்றன: தரைப்படை, கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளில் ஆடுபவர் சீருடைச் சம்பளத்தில் ஆடுகிறார். சீகிரியாவிலேயே விமானப்படைத் தளம் உண்டு. ஆனால் படையில் சேராத, தரவளைக்கோ றதல்லவுக்கோ அருகில் லயத்தில் வாழும் ஓர் இளைஞன் சனிக்கிழமைப் பயிற்சிக்கு வந்தால் அவனுடைய பேர் விழாது. 1893 இல் 282 வாக்குகள் தோற்கடித்த தீர்மானத்தை மலைநாட்டுக் கழகமொன்று இன்று எடுத்து நிறைவேற்றலாம்: பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு முழுப்பேர், அத்துடன் பஸ் காசு.