பிள்ளைக்குச் சேர வேண்டிய பணம்

தகப்பன் குடும்பத்தை விட்டுப் போய்விட்டால் பிள்ளையின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் யார் பொறுப்பு? முன்பெல்லாம் நம் தோட்டங்களில் இந்த வழக்கு கங்காணியிடம் போகும், இல்லையென்றால் கோயில் தலைவரிடம் போகும். நாலு பேர் கூடிப் பேசுவார்கள். தீர்ப்புக் கிடைக்கும், பணம் கிடைக்காது.

மலாக்காவில் 1890-களில் புக்கிட் லிந்தாங்கிலும் பிறகு புக்கிட் அசகானிலும் தான் சாய் யான் ரப்பர் நட்டார். பால்மரம் பெருகப் பெருக நம்மவர்களும் பெருகினார்கள். 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்கு வந்தது. 1920-களின் தொழிலாளர் சட்டங்கள் தோட்டத்தில் பள்ளிக்கூடமும் ஆயக்கொட்டகையும் வைக்கச் சொல்லும் அதிகாரத்தை அரசாங்கத்துக்குக் கொடுத்தன. தாய் பால் வெட்டப் போகலாம், பிள்ளை ஆயாவிடம் இருக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஓடிப்போன தகப்பனைக் கேள்வி கேட்க அதில் வழியில்லை.

அந்த வழி 1950-இல் வந்த மணமான பெண்கள், பிள்ளைகள் பராமரிப்புச் சட்டத்தில் இருக்கிறது. மனைவியையோ பிள்ளையையோ பராமரிக்க மறுப்பவன் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும் என்று கீழ் நீதிமன்றமே உத்தரவு போடலாம். கட்டாவிட்டால் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. அவனைச் சிறையில் போட்டால் பிள்ளைக்குப் பால்மாவு வந்துவிடுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் 1968-இல் இன்னொரு சட்டம் வந்தது. முதலாளியே சம்பளத்தில் பிடித்து அனுப்ப நீதிமன்றம் உத்தரவிடலாம். மாதச் சம்பளக்காரர்கள் விஷயத்தில் இது மிகவும் பயனுள்ள சட்டம் என்பது நம் கருத்து.

அடுத்து, 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம். இது 1982 மார்ச் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதற்கு முன் முறைப்படி தாலி கட்டிய திருமணங்களைப் பதிவானவையாகவே சட்டம் ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு பதிவு கட்டாயம். இங்கேதான் நம் பெண்கள் பலர் மாட்டிக்கொண்டார்கள். கோயிலில் தாலி ஏறியது, ஊரே சாப்பிட்டது, பத்திரத்தில் மட்டும் கையெழுத்து இல்லை. சட்டத்தின் கண்ணில் அவள் மனைவி இல்லை. மனைவி என்ற முறையில் அவள் ஜீவனாம்சம் கேட்க முடியாது. ஆனால் பிள்ளையின் உரிமை போய்விடவில்லை. 1950 சட்டம் பதிவில்லாத உறவில் பிறந்த பிள்ளைக்கும் தகப்பனிடம் பணம் கேட்க இடம் தருகிறது. அவர்தான் தகப்பன் என்று காட்ட வேண்டும். பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் இல்லாவிட்டால் அலைச்சல் கூடும், அவ்வளவுதான். (முஸ்லிம் குடும்பங்கள் ஷரியா நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.)

1976 சட்டப்படி பிள்ளைக்குப் பதினெட்டு வயதானதும் உத்தரவு முடிந்துவிடும். உடல், மனக் குறைபாடு இருந்தால் மட்டும் விலக்கு. மேற்படிப்புக்கும் தகப்பன் கொடுக்க வேண்டுமா? இதைக் கேட்டு நம் தமிழ்க் குடும்பம் ஒன்றின் வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. அங்கே கிடைத்த பதில், கொடுக்க வேண்டியதில்லை என்பது. 2017-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2018 டிசம்பரில் திருத்தம் அமலுக்கு வந்தது. இப்போது மேற்படிப்போ பயிற்சியோ முடியும் வரை உத்தரவு நீடிக்கலாம்.

ஆஸ்திரேலியா 1988-இலும் பிரிட்டன் 1993-இலும் இந்தப் பணத்தை வசூலிக்கத் தனி அரசாங்க அமைப்பையே தொடங்கின. இங்கே நமக்கு வாசல் நீதிமன்றம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு 1971 சட்டத்தின்படி சட்ட உதவி இலாகா இருக்கிறது. தகப்பனைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றால், 1946-இல் தொடங்கிய சமூக நல இலாகாவில் பிள்ளைகளுக்கான உதவித்தொகைக்கு மனுச் செய்யலாம். 2021-இல் அந்தத் தொகை ஆறு வயது வரையுள்ள பிள்ளைக்கு மாதம் 200 வெள்ளியாகவும், ஏழு முதல் பதினெட்டு வரை 150 வெள்ளியாகவும் உயர்ந்தது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

ஜாசினிலோ அலோர் காஜாவிலோ இருந்து மனுக் கொடுக்கப் புறப்படும் தாய்மார்கள் அடையாளக் கார்டு, பிள்ளையின் பிறப்புப் பத்திரம், இருந்தால் திருமணப் பத்திரம், பள்ளிச் செலவு ரசீதுகள் இவற்றைக் கையோடு கொண்டு போங்கள். தகப்பன் எங்கே வேலை செய்கிறார் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தில் பிடிக்க அந்த முகவரிதான் தேவைப்படும்.