மதியிறுக்க ஆய்வில் பெற்றோரின் பங்கு

மதியிறுக்கம் அல்லது ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாட்டால் பிறருடன் பழகுதல், கருத்துப் பரிமாற்றம், நடத்தை ஆகியவற்றில் குழந்தைப் பருவத்திலேயே வெளிப்படும் ஒரு நிலை ஆகும். இது குறித்த ஆய்வில் பெற்றோர் முதலில் தகவல் தருவோராகவும், பின்னர் குற்றம் சாட்டப்பட்டோராகவும், அதன்பின் ஆய்வில் பங்கேற்போராகவும் இருந்து வந்துள்ளனர்.

வரலாறு

1943ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அவர்களுள் முதல் குழந்தையைப் பற்றி அதன் தந்தை 33 பக்கக் கடிதம் ஒன்றை அவருக்கு எழுதியனுப்பியிருந்தார். எனினும் அடுத்த இருபது ஆண்டுகளில், தாயின் அன்பின்மையே இந்நிலைக்குக் காரணம் என்ற கருத்து பரவியது. புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் எழுதிய நூல் இதனை மேலும் பரப்பியது. இக்கருத்து தவறென நிறுவியவர்களுள் பெற்றோரும் இருந்தனர்.

* பெர்னார்ட் ரிம்லாந்து: அமெரிக்க உளவியலாளர், மதியிறுக்கமுள்ள மகனின் தந்தை. காரணம் உயிரியல் சார்ந்தது என 1964இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார்.
* லோர்னா விங்: ஆங்கிலேய மனநல மருத்துவர், மதியிறுக்கமுள்ள மகளின் தாய். 1979இல் ஜூடித் கூல்டுடன் இவர் வெளியிட்ட இலண்டன் ஆய்வு, மதியிறுக்கம் பல அளவுகளில் அமைவது என்னும் இன்றைய கருத்துக்கு அடிப்படையாயிற்று.

1977இல் வெளியான இரட்டையர் ஆய்வு மரபணுக்களின் பங்கைக் காட்டியது.

இந்தியாவில்

மதியிறுக்கமுள்ள மகனின் தாயான மேரி பருவா 1991இல் தில்லியில் 'ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கினார். 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் இடம்பெறாத மதியிறுக்கம், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இதனை ஏற்றுள்ளது. தமிழில், மதியிறுக்கமுள்ள மகனின் தந்தையான எழுத்தாளர் யெஸ். பாலபாரதி 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' என்னும் நூலை எழுதியுள்ளார்.

கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2016இல் வெளியானது. இதில் பெற்றோர் குழந்தையுடன் விளையாடுவது படம்பிடிக்கப்பட்டு, அவர்களுடன் சேர்ந்து பார்க்கப்பட்டது. குழந்தையின் சிறு முயற்சிகளைக் கவனித்து மறுமொழி தரப் பெற்றோர் பழக்கப்பட்டனர். பயிற்றுவித்தவர்கள் வல்லுநர்கள் அல்லர். பயிற்சி பெற்ற நலப்பணியாளர்களே. இதன்பின் குழந்தைகள் தாமாகவே பெற்றோருடன் தொடர்பு கொள்வது கூடியது.

கொங்கு நாட்டில்

கோயம்புத்தூரில் அவினாசிலிங்கம் பல்கலைக்கழகமும், பெரியநாயக்கன்பாளையத்திலுள்ள இராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா பல்கலைக்கழக வளாகமும் சிறப்புக் கல்வி கற்பிக்கின்றன. ஆயினும் பொள்ளாச்சி, உடுமலை வட்டாரச் சிற்றூர்களிலிருந்து வாரந்தோறும் நகருக்கு வந்து செல்வது கூலி வேலை செய்யும் பெற்றோருக்கு எளிதன்று. வீட்டிலேயே பெற்றோர் வழியாக அளிக்கும் பயிற்சி இத்தகைய குடும்பங்களுக்குப் பெரிதும் பயன்படக்கூடியது. ஆண் குழந்தை தாமதமாகத்தான் பேசும் என்று காத்திருப்பதால் பயிற்சி தொடங்கும் காலம் தள்ளிப்போகிறது.

கவனிக்க வேண்டியவை

பெற்றோரின் கவனிப்பு ஆய்வுக்குத் தொடக்கமே தவிர முடிவன்று. 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 12 குழந்தைகளைக் கொண்டு, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா ஆகியவற்றுக்கான முத்தடுப்பூசியை மதியிறுக்கத்துடன் தொடர்புபடுத்தினார். அதற்குப் பெற்றோரின் நினைவுகளே பெருமளவு ஆதாரமாயின. அக்கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. 2019இல் வெளியான டென்மார்க் ஆய்வு 6,57,461 குழந்தைகளை ஆராய்ந்து, அத்தகைய தொடர்பு இல்லை எனக் கண்டது. முழுமையாகக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யப்படும் மருந்துகளுக்கும் உணவு முறைகளுக்கும் ஆய்வுச் சான்று இல்லை. எனவே ஒரு சிகிச்சையை ஏற்குமுன் அது எத்தனை குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது, சிகிச்சை பெறாத குழந்தைகளுடன் ஒப்பிடப்பட்டதா, பிற ஆய்வாளர்களும் அதே முடிவைக் கண்டனரா என்று பெற்றோர் கேட்டறிதல் நன்று.