நிமிடங்களில் நோய்த்தொற்றைக் கண்டறியும் நானோ உயிரி உணரிகள்: செயல்பாடும் வரம்புகளும்

ரத்தத்திலோ சளியிலோ உள்ள பாக்டீரியாவை ஆய்வகத்தில் வளர்த்து அடையாளம் காணப் பல நாள்கள் ஆகலாம். காசநோய்க் கிருமிக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரிடும். அதற்குள் சிகிச்சை தாமதமாகிறது. தொற்று பிறருக்கும் பரவக்கூடும். இந்தத் தாமதத்தைக் குறைக்கவே 'பயோசென்சார்' எனப்படும் உயிரி உணரிகள் நானோ அளவில் உருவாக்கப்படுகின்றன.

செயல்படும் விதம்

ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர் ஆகும். உயிரி உணரியில் இரு பகுதிகள் உள்ளன. கிருமியின் புரதத்தையோ மரபணுவையோ பற்றிக்கொள்ளும் மூலக்கூறு ஒன்று. அந்தப் பிணைப்பை நிறமாகவோ மின்சமிக்ஞையாகவோ வெளிப்படுத்தும் பகுதி மற்றொன்று.

கரோனா காலத்தில் பரவலாக அறிமுகமான ரேபிட் ஆன்டிஜென் பட்டைகள் இதற்கு எளிய எடுத்துக்காட்டு. இவ்வகைப் பட்டைகள் பலவற்றில் சுமார் 40 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள் பயன்படுத்தப்படுகின்றன. அந்த அளவில் தங்கம் மஞ்சளாக அன்றி, சிவப்பாகத் தோன்றும். மாதிரியில் தீநுண்மியின் புரதம் இருந்தால், ஆன்டிபாடி பூசப்பட்ட துகள்கள் அதனுடன் இணைந்து, பட்டையின் குறிப்பிட்ட இடத்தில் திரண்டு சிவப்புக் கோடாகத் தெரிகின்றன. சுமார் 15 முதல் 30 நிமிடங்களில் முடிவு கிடைக்கும். மற்றொரு கோடு, பரிசோதனை முறையாக நடந்ததை உறுதிப்படுத்துகிறது.

இந்தியக் கண்டுபிடிப்பு

தில்லியில் உள்ள சிஎஸ்ஐஆர்-ஐஜிஐபி ஆய்வு நிறுவனம், கிரிஸ்பர் மரபணுத் தொழில்நுட்பத்தைக் கொண்டு 'ஃபெலுடா' என்ற காகிதப் பட்டைப் பரிசோதனையை உருவாக்கியது. இயக்குநர் சத்யஜித் ரே படைத்த துப்பறியும் கதாபாத்திரத்தின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. டாடா குழுமம் தயாரித்த இந்தப் பரிசோதனைக்கு 2020 செப்டம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி அனுமதி வழங்கினார். இதில் மரபணு முதலில் பல மடங்கு பெருக்கப்பட்டு, பின்னரே பட்டையில் சோதிக்கப்படுகிறது.

வரம்புகள்

ஆன்டிஜென் பட்டைகளில் இவ்வாறு பெருக்கும் படிநிலை இல்லை. எனவே, தீநுண்மியின் அளவு குறைவாக இருப்பின் தொற்று கண்டறியப்படாமல் போகலாம். அறிகுறி உள்ளவருக்கு 'தொற்று இல்லை' என முடிவு வந்தால், ஆர்டி-பிசிஆர் முறையில் மீண்டும் பரிசோதிக்க வேண்டும் என ஐசிஎம்ஆர் 2020 ஜூனில் அறிவுறுத்தியதற்கு இதுவே காரணம்.

மலேரியாவிலும் இத்தகைய சிக்கல் உண்டு. ஹெச்ஆர்பி-2 என்ற புரதத்துக்கான மரபணுவை இழந்த மலேரியா ஒட்டுண்ணிகள், அப்புரதத்தை மட்டுமே தேடும் பட்டைகளுக்குத் தப்பிவிடக்கூடும்.

ஆகவே, விரைவுப் பரிசோதனையில் தொற்று இல்லை எனத் தெரிந்தாலும், காய்ச்சல் உள்ளிட்ட அறிகுறிகள் நீடித்தால் மருத்துவரை அணுகி அடுத்தகட்டப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.