செட்டிங்ஸைக் காணவில்லையா? ஃபோமட் அடிக்க முன்னர் இதை வாசியுங்கள்

பதிவு கொஞ்சம் நீளம்தான். வீட்டில் பழைய கணினியில் லினக்ஸ் போட்டிருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. நம்மிடம் இருக்கும் பழைய மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு விண்டோஸ் 11 ஏறாது. ஆகவே கிண்ணியா, மூதூர், தோப்பூர், டவுன் பக்கம் என்று பலர் உபுண்டு, மிண்ட் பக்கம் வந்துவிட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பாடசாலையில் கணினி படிப்பிக்கும் எங்களுக்கு அன்றுமுதல் ஒரே மாதிரியான மெசேஜ்தான் வருகிறது: "சேர், அப்டேட் போட்டன், செட்டிங்ஸக் காணல்ல."

இதற்குக் கடைகளில் ஒரே மருந்துதான் கொடுக்கிறார்கள், ஃபோமட். தவணைப் பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கும்போது எங்களோடு படிப்பிக்கும் ஒரு மூத்த டீச்சரின் மெஷினுக்கும் அதைத்தான் செய்தார்கள். பதினொரு வருட வினாத்தாள்கள் போயின. உண்மையில் அந்த மெஷினில் காணாமல் போயிருந்தது தமிழ் கீபோர்டுக்கு மாற்றும் பட்டன் ஒன்று மட்டும்தான்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

லினக்ஸுக்குத் தாய்வீடு யுனிக்ஸ். 1970களின் தொடக்கத்தில், கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளையை எழுதியவர்கள் 'புள்ளி', 'இரட்டைப்புள்ளி' என்ற இரண்டு பதிவுகளை மறைப்பதற்காக, பெயரின் முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்தார்கள். அந்தக் குறுக்குவழியால் புள்ளியில் தொடங்கும் எல்லாக் கோப்புகளும் கண்ணுக்கு மறைந்தன. திட்டமிட்டுச் செய்ததல்ல என்று, யுனிக்ஸை உருவாக்கியவர்களோடு பெல் ஆய்வுகூடத்தில் வேலைசெய்த ரொப் பைக் 2012இல் எழுதினார். அந்தத் தற்செயல்தான் இன்றுவரை நம் செட்டிங்ஸின் வீடு. சுவர்ப்படம், கீபோர்ட், எழுத்தின் அளவு என்று நீங்கள் தெரிவுசெய்தவை எல்லாம் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்த கோப்புகளாகவே கிடக்கின்றன. அப்டேட் மாற்றுவது சிஸ்டத்தின் பொதிகளை. உங்கள் ஹோம் ஃபோல்டரில் அது கைவைப்பதில்லை.

அப்படியானால் ஏன் காணவில்லை? செட்டிங்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதைத் தேடுபவர் வேறு இடத்தில் தேடுகிறார். 2002இல் வந்த க்னோம் 2 டெஸ்க்டொப், செட்டிங்ஸை 'ஜிகொன்ஃப்' என்ற மறைந்த ஃபோல்டரில் வைத்தது. 2011 ஏப்ரலில் வந்த க்னோம் 3, 'டிகொன்ஃப்' என்ற வேறொரு கிடங்குக்கு மாறியது. பழையதிலிருந்து சிலவற்றைப் புதியதற்கு ஏற்றிவிட ஒரு கருவி இருந்தது. சிலவற்றைத்தான். மற்றவை பழைய ஃபோல்டரிலேயே கவனிப்பாரற்றுக் கிடந்தன. அதே மாதம் உபுண்டு 11.04, 'யூனிட்டி' என்ற தன் சொந்த முகத்தைக் கொண்டுவந்தது. காலையில் மெஷினைத் திறந்தவர்களுக்கு மேலேயிருந்த மெனுக்கள் இல்லை. லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸே க்னோம் 3 பிடிக்காமல் வேறு டெஸ்க்டொப்புக்குப் போனார் என்றால் பாருங்களேன். அந்தக் கோபத்தில் பிறந்தவைதான் மாட்டேயும், மிண்ட்காரர்களின் சினமனும். பிறகு 2017 ஒக்டோபரில் உபுண்டு யூனிட்டியைக் கைவிட்டு க்னோமுக்கே திரும்பியது. நம் பிரெட்ரிக் கோட்டையின் கதைதான். 1795இல் ஒல்லாந்தர் போய் ஆங்கிலேயர் வந்தார்கள், 1803இல் பெயரும் மாறியது. கல் அதே கல்.

இதில் அதிகம் அடிபட்டது நம்மைப் போன்றவர்கள். ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்பவருக்கு சுவர்ப்படம் போனால் எரிச்சல், அவ்வளவுதான். நமக்குக் கீபோர்ட் செட்டிங் போனால் மொழியே போகிறது. தமிழை உள்ளிடும் வேலையை முதலில் 'ஸ்கிம்' பார்த்தது. 2009இல் உபுண்டு 'ஐபஸ்' என்பதற்கு மாறியது. 2012இல் க்னோம் 3.6 அதைத் தன் செட்டிங்ஸுக்குள்ளேயே இழுத்துக்கொண்டது. அடுத்த வருடம் உபுண்டுவும் அதே வழியில் போனது. நான்கே வருடத்தில் மூன்று இடம்! நம் நாட்டுத் தமிழ் விசைப்பலகைக்கு 2008இலேயே எஸ்எல்எஸ் 1326 என்ற தர நிர்ணயம் வந்துவிட்டது, ரெங்கநாதன் அமைப்பு லினக்ஸிலும் கிடைக்கிறது. ஆனால் அதைத் தெரிவுசெய்யும் இடம் இப்படி மாறிக்கொண்டே இருந்தால் அறுபது வயது டீச்சர் எங்கே போய்த் தேடுவார்?

சரி, உங்கள் மெஷினுக்கு வருவோம். முதலில் செட்டிங்ஸ் என்ற செயலி திறக்கிறதா என்று பாருங்கள். திறக்கவே இல்லை என்றால் அந்தப் பொதி நீக்கப்பட்டிருக்கலாம். ஒரு பொதி மற்றதில் தங்கியிருக்கும், அப்டேட்டின்போது இரண்டு முட்டிக்கொண்டால் ஒன்று வெளியே தள்ளப்படும். இதற்குச் சாட்சி மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. சிஸ்டத்தின் 'வார்' ஃபோல்டருக்குள் 'லொக்', அதற்குள் 'ஏபிடி', அதற்குள் 'ஹிஸ்டரி' என்றொரு கோப்பு. எந்தத் திகதியில், எத்தனை மணிக்கு, எது வந்தது, எது போனது என்று வரிவரியாக எழுதி வைத்திருக்கும். 'ரிமூவ்' என்று தொடங்கும் வரியில் கண்ட்ரோல் சென்டர் என்ற பெயர் இருந்தால் டேர்மினலைத் திறந்து அதை மறுபடி நிறுவுங்கள். பெரும்பாலும் பத்து நிமிட வேலை.

செயலி திறக்கிறது, உங்கள் தெரிவுகள் மட்டும் இல்லை என்றால், லொகின் திரையில் இருக்கும் பற்சக்கரப் படத்தை அழுத்தி எந்த டெஸ்க்டொப் தெரிவாகியிருக்கிறது என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் புதிய பயனர் கணக்கொன்றைத் திறந்து பாருங்கள். அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தால் பிழை உங்கள் மறைந்த கோப்புகளில்தான். டிகொன்ஃப் கோப்பை அழிக்காதீர்கள், பெயரை மாற்றி வைத்துவிட்டு மறுபடி உள்நுழையுங்கள்.

பாமினியில் அடித்த பழைய வினாத்தாள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால் பதறவேண்டாம். கோப்பு பழுதாகவில்லை, பாமினி எழுத்துரு அந்த மெஷினில் இல்லை. போட்டதும் தமிழ் வந்துவிடும்.

ஃபோமட் அடித்தே ஆகவேண்டும் என்று கடைக்காரர் சொன்னால், பென் ட்ரைவிலிருந்து லினக்ஸை நிறுவாமல் இயக்கி, ஹோம் ஃபோல்டரை முழுதாகப் பிரதி எடுத்துத் தரச் சொல்லுங்கள். மறைந்த கோப்புகளும் சேர வேண்டும். கண்ட்ரோலையும் எச்சையும் சேர்த்து அழுத்தினால் அவை தெரியும்.

'ஹிஸ்டரி' கோப்பைத் திறந்தும் விளங்காதவர்கள் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து கொமெண்டில் போடுங்கள். இஷாவுக்குப் பிறகு நாங்கள் இருந்து பார்க்கிறோம்.